முழங்காலுக்கு நாலு விரல் மேலே

அன்புள்ள நல்லதம்பி அண்ணே,

வணக்கம் சொல்லித் தொடங்கினால் நீங்கள் சிரிப்பீர்கள். நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே வாய்க்காலில் கால் கழுவியவர்கள் நாம். ஒருநாளும் வணக்கம் சொன்னதில்லை. நீங்கள் "டேய் ராமு" என்பீர்கள், நான் "என்னங்க அண்ணே" என்பேன். அதோடு மரியாதை முடிந்துவிடும்.

என் வயதுக்கு நான் அனுப்பும் முதல் கடிதம் இது. எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல உங்கள் மகள் சுகந்தி எழுதுகிறாள். முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்தில் இதை அச்சடிக்கப் போகிறார்களாம். ஆகவே ஊரும் வாசிக்கும். நீங்கள் முதலில் கேளுங்கள், ஊர் பிறகு கேட்கட்டும்.

உங்கள் வீட்டு விறாந்தையில்தான் இருக்கிறோம். உங்கள் சாய்வுக் கதிரையில் யாரும் இருக்க மனம் வராமல் விட்டதில், பூனை ஏறிப் படுத்திருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் குடையால் ஒரு தட்டுத் தட்டியிருப்பீர்கள். குடை சுவரில் ஆணியில் தொங்குகிறது. ஒரு துளி மழை பெய்யாத ஆவணியிலும் சைக்கிள் கரியரில் குடை கட்டிக்கொண்டு திரிந்த ஆள் கண்டாவளைப் பக்கத்தில் உங்களைத் தவிர வேறு யார்?

முதலில் ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் செத்தவீட்டில் நான் வேறொருவரைப் பற்றிப் பேசிவிட்டேன், அண்ணே.

நீங்கள் கண்ணை மூடிக் கிடந்தபடியால் பார்த்திருக்க மாட்டீர்கள். முற்றத்தில் பந்தல் போட்டு, வெள்ளை கட்டி, மைக் வைத்திருந்தார்கள். கமக்கார அமைப்பின் தலைவர் பேசினார். கோயில்காரர் பேசினார். இளைப்பாறிய வாத்தியார் ஒருவர் பேசினார். மூன்று பேரும் உங்களை ஆலமரம் என்றார்கள், விளக்கு என்றார்கள், கடல் என்றார்கள். ஒருவர்கூட நீங்கள் குளத்துத் தண்ணீரை வயல்களுக்கு முறை வைத்துத் திறந்துவிட்டதைச் சொல்லவில்லை. ஊர் முழுக்க உங்களைத் தண்ணி விதானையார் என்று கூப்பிட்டது அவர்களுக்கு மறந்துபோனதோ, செத்தவீட்டுக்குத் தண்ணீர்க் கதை மரியாதை காணாது என்று நினைத்தார்களோ, நான் அறியேன்.

பிறகு அறிவிப்பாளர் சொன்னார்: "அடுத்ததாக, அன்னாரின் நீண்டகால நண்பர் திரு. ராமையா அவர்கள்." என் பெயருக்கு முன்னால் ஒரு "திரு" விழுந்தது அதுதான் முதல் தடவை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நானும் சேர்ந்து திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் முதுகில் தள்ளிய பிறகுதான் கால் நகர்ந்தது. அண்ணிதான் என்னைக் கூப்பிடச் சொன்னாராம்.

மைக்கைக் கையில் தந்தார்கள். முன்னால் அவ்வளவு சனம். பெரிய பெரிய வயல்காரர்கள் கதிரையில் இருக்கிறார்கள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து கடைசிக் காணியில் குடியேறிய எங்கள் ஆட்களில் ஒருவர் அந்த மாதிரி வீட்டில் மைக் பிடித்து நான் கண்டதில்லை. வாய்க்கால் முடிவில் தண்ணீர் எடுக்கும் எங்கள் கடைசிக் கதவுக்காரர் எல்லோரும் வேலியோரம் நின்று என்னையே பார்க்கிறார்கள். படித்தவன் போலப் பேசவேணும் என்று ஒரு வெறி வந்தது.

போர்க்கால இடப்பெயர்வுகளுக்கு முன்னம் நம் பள்ளிக்கூடத்து அதிபர் ஒருவர் செத்தது ஞாபகம் இருக்கும். அன்றைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் பேசியதை நான் வேலிக்கு வெளியே நின்று கேட்டேன். எனக்குள் விழுந்த பேச்சு வெளியே போகாது. அந்தப் பேச்சு முழுக்க, மூச்சு விட்ட இடம்கூடப் பிசகாமல், எனக்குள் இருந்தது. மைக்கைப் பிடித்ததும் அதுதான் வந்தது. அணையா விளக்கே என்றேன். கல்விக் கண் திறந்த வள்ளலே என்றேன். ஆங்கிலத்திலும் வடமொழியிலும் பெரும் புலமை கொண்டவரே என்றேன்.

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர் நீங்கள்.

வேலிப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. "விதானையார் எப்பையடா இங்கிலீஷ் படிச்சவர்?"

"பேசாமல் நில்லடா, செத்தவீடு."

"இல்லை, இரவில ஒளிச்சுப் படிச்சிருப்பாரோ எண்டு கேக்கிறன்."

நான் நிறுத்தியிருக்கலாம். தொடங்கிய பேச்சை நடுவில் நிறுத்த எனக்குத் தெரியவில்லை. மனப்பாடம் என்பது மடை திறந்த மாதிரி. "எவரையும் கடிந்து ஒரு சொல் சொல்லி அறியாதவரே" என்றேன். அப்போது பார்க்கவேணும், அண்ணே. முற்றத்தில் இருந்த அத்தனை கமக்காரரும் ஒரே நேரத்தில் நிலத்தைப் பார்த்தார்கள். உங்களிடம் ஏச்சு வாங்காத ஒரு காது அந்தப் பந்தலுக்குள் இருந்ததா? உழவு மெசின்காரர் இருமினார், இருமிக்கொண்டே எழும்பி வெளியே போனார். அவர் தோள் குலுங்கினதை நான் கண்டேன்.

பேசி முடிந்ததும் வாத்தியார் என் கையைப் பிடித்து, "அருமையாய்க் கதைச்சியள் ராமையா" என்றார். அதுதான் எனக்குச் சுட்டது. அவருக்கு அது நல்ல பேச்சு, ஏனென்றால் அதில் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு உங்கள் தங்கச்சி வந்து உங்கள் காலைப் பிடித்து அழுதார். "கோவக்காரா, என்ர ராசா, குடுத்ததையும் ஏசி ஏசிக் குடுத்தியே" என்று ஒப்பாரி சொன்னார். ஒரே வரியில் நீங்கள் முழுதாய் வந்துவிட்டீர்கள். பெண்கள் அழும்போது குறையையும் சேர்த்துச் சொல்லித்தான் அழுகிறார்கள். மைக்கைப் பிடித்த ஆண்களுக்கு மட்டும் ஏன் எல்லாம் மறந்துபோகிறது?

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று அண்ணி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். உங்களுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்திருந்தார்கள். தேத்தண்ணி தந்துவிட்டு, அடுப்பைப் பார்த்தபடி கேட்டார்.

"தம்பி, அண்டைக்கு ஆரைப் பற்றிக் கதைச்சனீங்கள்?"

நான் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தேன்.

"நல்ல மனிசனாய்த்தான் இருந்தவர் அந்த ஆள்," என்றார். "ஆனால் நான் ஐம்பது வரியமாய்ச் சமைச்சுப் போட்டவர் இல்லை."

"மன்னிச்சிருங்க அண்ணி. பயந்துட்டேன்."

"என்னத்துக்குப் பயந்தனீங்கள்? நீங்கள் அந்தச் சிறுபோகத்தைச் சொல்லுவியள் எண்டெல்லோ நான் பாத்துக்கொண்டிருந்தனான்."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கோடைப் பயிர்க் கதை அண்ணிக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் நீங்களும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லையே.

"கல்வெட்டுக்கு நீங்கள் சொல்லுங்கோ. சுகந்தி எழுதட்டும்," என்றார். "அந்த மனிசனை ஒருக்காலாவது ஒழுங்காய் அனுப்பி வைப்பம்."

இதற்கிடையில் இன்னொரு சேதியும் இருக்கிறது. உங்கள் இடத்துக்குத் தவத்தைத் தெரிவு செய்திருக்கிறார்கள். வாய்க்கால் தொடங்கும் தலைப்பக்கத்து வயல்காரன் என்றாலும் நல்ல பிள்ளைதான். போன கிழமை மோட்டார் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தான்.

"ஐயா, சிறுபோகக் கூட்டம் வருது. இந்தமுறை தலைப்பக்கத்தாலை தண்ணியைத் தொடங்குவம் எண்டு சனம் கதைக்குது. கடைசியிலயிருந்து துறக்கிறதுக்குச் சட்டத்தில ஒண்டும் இல்லையாம். விதானையார் ஏன் அப்பிடி வச்சவர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும் தம்பி."

"அப்ப கூட்டத்தில சொல்லுங்கோவன்."

"முப்பத்தோரு முடியட்டும்," என்றேன். காரணத்தைச் சொல்லாவிட்டால் நீங்கள் வைத்த முறை போய்விடும், தண்ணீர் குறைந்த வருடத்தில் எங்கள் ஐந்து குடும்பத்தின் வயலும் முன்போலக் காயும். காரணத்தைச் சொல்வதென்றால் உங்கள் குற்றத்தையும் சொல்லவேணும், அதுவும் உங்கள் வீட்டில், உங்கள் பெண்சாதி பிள்ளைக்கு முன்னால். நீங்களே சொல்லுங்கள், நான் எந்தக் கதவைத் திறப்பது?

மூன்று நாளாகச் சுகந்திக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் குடையைச் சொன்னேன். இரண்டாம் நாள் நீங்கள் கோயில் பிரசங்கத்தில் குறட்டை விட்டதையும், சீட்டுக் கடதாசி விளையாட்டில் கள்ளம் விட்டதையும் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து எழுதினாள். "உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் சித்தப்பா" என்றாள். ஞாபகம் எல்லாம் ஒரே இடத்தைச் சுற்றி வந்ததை நான் மட்டுந்தான் அறிவேன். இன்றைக்கு மூன்றாம் நாள். சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகள் எல்லாம் சிறிசாக இருந்த காலம். கலவரத்தில் மலைநாட்டைவிட்டு நாங்கள் வந்து சில வருடம் இருக்கும். கடைசிக் கதவுக்குக் கீழே காட்டை வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு வயல் ஆக்கியிருந்தோம். அந்தச் சிறுபோகம் குளத்தில் தண்ணீர் அரைவாசிக்கும் குறைவு. முறை வைத்து விட்டீர்கள். தலைப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு கதவாகத் திறந்து கீழே வருவது அன்றைய வழக்கம். எங்கள் முறை வியாழக்கிழமை.

பயிர் குடலை. கதிர் இன்னும் வெளியே வராமல் தண்டுக்குள் இருக்கிற பருவம். அந்த நேரம் தண்ணீர் கிடைக்காவிட்டால் பிறகு எத்தனை மழை பெய்தாலும் பதர்தான். வியாழன் விடிந்தது, வாய்க்காலில் ஈரமில்லை. கரையோடு மேலே நடந்து வந்தேன். எங்களுக்கு வரும் கதவு பூட்டியிருந்தது. ஏற்கனவே குடித்த தலைப்பக்கத்து வயலொன்று இரண்டாம் முறை குடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு மதகுக் கட்டின்மேல் நின்றீர்கள். ஏழெட்டுப் பேர் பக்கத்தில்.

"அண்ணே, இன்னைக்கு எங்க முறைங்க."

என்னைப் பார்க்காமலே சொன்னீர்கள். "இந்தமுறை கடைசிக்கு இல்லை."

"பயிர் குடலைங்க அண்ணே. ஒரு நாள் விட்டாப் போதும்."

அப்போதுதான் திரும்பினீர்கள். "தோட்டக்காட்டானுக்கு என்னத்துக்கடா வயல்? போய்க் கூலிக்கு நில்."

நின்றவர்கள் சிரித்தார்கள்.

இந்த இடத்தில் சுகந்தி பேனையை வைத்துவிட்டாள், அண்ணே. சொல்லுகிறேன் கேளுங்கள். அவள் முகம் உங்கள் முகம் மாதிரியே இறுகிப்போனது.

"அந்தச் சொல்லை எழுதத்தான் வேணுமோ சித்தப்பா?"

"வேணாம்னா விடும்மா," என்றேன். உள்ளுக்குள் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அப்போதுதான் ஒன்று விளங்கியது. இவ்வளவு காலமும் உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் வாயை மூடியிருந்தேன் என்று நினைத்தேன். உண்மையில் என் மானத்தையுந்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்து திரும்பி நடந்தவன் நான். அதை ஊருக்கு முன்னால் என் வாயால் சொல்ல எனக்கு வெட்கம்.

குசினிக்குள் இருந்த அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஏன் நிப்பாட்டிப்போட்டாய்?"

"அப்பா இப்பிடிச் சொன்னவரோ அம்மா?"

"சொன்னவர். எழுது."

"சனம் வாசிச்சால் என்ன நினைக்கும்?"

"சனத்துக்கு உன்ர அப்பாவைத் தெரியும் பிள்ளை. எங்களுக்குத்தான் இப்ப தெரியாத மாதிரிக் கிடக்கு." அண்ணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்தத் தண்ணி போனது ஆருடைய வயலுக்கு எண்டு தம்பி சொல்ல மாட்டார். நான் சொல்லுறன். என்ர கூடப்பிறந்த தம்பியின்ர வயலுக்கு. நான்தான் அப்பாவைக் கேட்டனான், அவன்ர பயிரைப் பாருங்கோ எண்டு. அதையும் சேர்த்து எழுது."

சுகந்தி பேனையை எடுத்தாள். எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணியிருக்கும், அச்சில் தெரியாது.

மிச்சத்தைச் சொல்கிறேன். பதினைந்து நாளில் பயிர் வெளுத்துவிட்டது. ஐந்து குடும்பமும் பார்த்துக்கொண்டு நின்றோம். என் மனுசி மீனாட்சி ஒரு நெற்கதிரைப் பிடுங்கி நசுக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அரிவாளை எடுத்து அறுத்தேன். கட்டுக் கட்டாய்த் தலையில் சுமந்து, மூன்று நடையாக, உங்கள் மாட்டுப் பட்டிக்குக் கொண்டுவந்து போட்டேன். நீங்கள் பட்டி வாசலில் நின்றீர்கள்.

"மாட்டுக்குப் போடுங்க அண்ணே. வேற ஒன்னுக்கும் ஆவாது."

மாடுகள் தின்றன. அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கும். ஏசுவீர்கள் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் நான் அன்றைக்கே இந்தக் காணியை விட்டுப் போயிருப்பேன்.

இதை இப்போது சொல்லும்போது அண்ணி குறுக்கே ஒன்று சொன்னார். "அண்டைக்கு அவர் சோத்தில கை வைக்கேல்லை. என்னெண்டு கேட்டன். மாடு திண்டுபோட்டுது எண்டார். மாடு உங்கட சோத்தையோ திண்டது எண்டு நானும் பகிடியாய்க் கேட்டிட்டன். பிறகுதான் பட்டியில போய்ப் பாத்தன்."

இது எனக்குத் தெரியாதே, அண்ணே. இவ்வளவு வருடம் கழித்து, நீங்கள் போன பிறகு எனக்குத் தெரிய வருகிறது. உயிரோடு இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? சொல்ல மாட்டீர்கள். உங்களுக்கு வாய் ஏசுவதற்கு மட்டும்.

அடுத்த சிறுபோகம் தண்ணீர் விடுகிற நாள், சைக்கிளை உருட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தீர்கள். அதற்கு முன் நீங்கள் கடைசிக் காணிக்கு வருவீர்கள், வாசலோடு திரும்பிவிடுவீர்கள். எங்கள் வீடுகளில் உங்கள் ஆட்கள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அன்றைக்குக் குடையைச் சாத்திவிட்டு, "உள்ளுக்குக் கூப்பிடமாட்டியோ?" என்றீர்கள். இருக்கக் கதிரை இல்லை. ஒரு பலகையைத் தட்டிப் போட்டேன்.

"பிள்ளை, தேத்தண்ணி ஊத்து. குடிச்சிட்டுப் போறன்."

மீனாட்சிக்குக் கை ஓடவில்லை. ஆனால் தேயிலையோடு பிறந்தவள் அல்லவா, அவள் ஊற்றியதை ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தீர்கள். "டேய் ராமு, இவ்வளவு காலமும் என்ர வீட்டில மாட்டுக்கு வைக்கிற தண்ணியையோ நான் குடிச்சனான்?" மீனாட்சி சிரித்துவிட்டாள். அந்த வருடம் அவள் சிரித்தது அதுதான்.

பிறகு மடியிலிருந்து ஒரு திறப்புச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தீர்கள். "இந்தா. கடைசிக் கதவின்ர திறப்பு. இனி இதிலயிருந்துதான் தொடக்கம்."

"ஏங்க அண்ணே?"

"கேள்வி கேளாதை. தண்ணி வந்தால் எவ்வளவு எண்டு வந்து சொல்லு."

அவ்வளவுதான். அன்றையிலிருந்து, இடம்பெயர்ந்து அலைந்த காலம் போக, மீதிச் சிறுபோகம் எல்லாம் மேல் கதவுகள் எல்லாவற்றையும் சாத்தி, தண்ணீரை முதலில் எங்களுக்கு அனுப்பினீர்கள். நாங்கள் குடித்த பிறகுதான் மேலே ஒவ்வொன்றாகத் திறந்தீர்கள். தலைப்பக்கத்தார் எத்தனை சண்டை பிடித்தார்கள்! உங்கள் மச்சினரே ஒரு வருடம் உங்களோடு கதைக்கவில்லை. "மேல இருக்கிறவனுக்குத் தண்ணி தன்ர பாட்டில வரும். கீழ இருக்கிறவனுக்குத்தான் ஆள் வேணும்" என்று மட்டும் சொல்வீர்கள். ஏன் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. அன்றைக்கு என்னைச் சொன்ன அந்தச் சொல்லை உங்கள் வாயில் நான் பிறகு கேட்டதும் இல்லை.

நான் சைக்கிளில் தலைக்கதவுக்கு வந்து அளவு சொல்வேன். கதவுச் சுவரில் இலக்கம் எழுதிய பலகை இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது. என் கால்தான் எனக்கு அடிமட்டக் கோல். கணுக்கால் என்றால் நீங்கள் இன்னும் திறப்பீர்கள். முழங்கால் என்றால் வயல் பாய அது போதும், நிறுத்துவீர்கள். "உன்ர கணுக்காலோ, கொக்கின்ர கணுக்காலோ?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பீர்கள். ஒவ்வொரு தடவையும் நானும் சிரிப்பேன்.

ஒரு தடவை, கூடக் கொஞ்சம் வரட்டுமே என்ற ஆசையில், முழங்கால் தண்ணீரைக் கணுக்கால் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் பேசாமல் சைக்கிளை எடுத்தீர்கள். கடைசிக் கதவுக்கு வந்து சாரத்தை மடித்துக் கட்டி இறங்கினீர்கள். "டேய், உன்ர முழங்கால் எப்பையடா கீழ இறங்கினது?" என்று வாய்க்கால் முழுக்கக் கேட்க ஏசினீர்கள். பிறகு கரையேறி, காலைத் துடைத்தபடி மெல்லச் சொன்னீர்கள். "கூட்டியும் சொல்லாதை, குறைச்சும் சொல்லாதை. நான் அங்கயிருந்து உன்ர காலை நம்பித்தான் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

செத்தவீட்டில் நான் அதை மறந்துவிட்டேன். கூட்டிச் சொல்லிவிட்டேன்.

சுகந்தி இதுவரை எழுதியதைத் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தபோது தவம் வந்தான். பந்தல் சாமான் கணக்குப் பார்க்க வந்தவன், மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே நின்று கேட்டான். பிறகு இயந்திரத்தை நிறுத்தினான். வாசித்து முடியும்வரை இறங்கவில்லை.

"கூட்டத்தில இதை வாசிக்கலாமோ மாமி?" என்று அண்ணியைத்தான் கேட்டான்.

"தம்பியைக் கேள். அவரின்ர கதை."

"வாசிக்க வேணாம் தம்பி," என்றேன். "நான் வந்து சொல்றேன். மனப்பாடந்தான். இந்தவாட்டி ஆள் மாறாது."

அவன் சிரித்தான், கண் மட்டும் சிரிக்கவில்லை. "என்ர அப்பாவும் அண்டைக்குக் கட்டில நிண்டு சிரிச்சவரோ ஐயா?"

"நின்னாரு," என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். கணக்கைப் பார்க்க மறந்துவிட்டான்.

கூட்டம் என்ன முடிவெடுக்குமோ தெரியாது. வாக்கில் தலைப்பக்கத்தார்தான் அதிகம். தவம் ஒருவன் என்ன செய்வான்? என்றாலும் இனிமேல் காரணம் தெரியாமல் ஒருவரும் கை தூக்க முடியாது. அவ்வளவு எனக்கு ஏலும்.

ஒன்று மட்டும் மனதில் கிடக்கிறது. நான் இதைச் சொன்னதில் உங்களுக்குக் கோபமா? கோபமென்றால் ஏசுங்கள். உங்கள் ஏச்சு இல்லாமல் வாய்க்கால் கரை வெறிச்சென்று கிடக்கிறது.

அன்றைக்குச் சொன்ன சொல்லை நான் மறக்கவில்லை. மன்னித்தேனா என்று சுகந்தி இப்போது கேட்கிறாள். தெரியவில்லை, மகளே. அவர் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை. ஒரு தேத்தண்ணி குடித்தார், ஒரு திறப்புத் தந்தார், சாகும்வரை அந்தக் கதவை எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு என்ன பெயரோ, அதை எழுதிக்கொள்.

அண்ணே, வாக்குத் தருகிறேன். முப்பத்தோராம் நாள் இதே முற்றத்தில், அதே மைக்கில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். சிறுபோகத் தண்ணீர் விடுகிற அன்றைக்குக் கடைசிக் கதவில் இறங்கி நிற்பேன். பிறகு தலைக்கதவுக்கு, நீங்கள் வழமையாய்க் குந்தியிருந்த அந்த மதகுக் கட்டுக்கு வருவேன். சைக்கிள் இனி ஓடமாட்டேன், நடந்து வருவேன், பிந்தும், பொறுத்துக்கொள்ளுங்கள். வந்தது எவ்வளவு என்று சொல்வேன். வராவிட்டால் வரவில்லை என்றும் வந்து சொல்வேன்.

உங்களை ஆலமரம் என்றவர்கள் சொல்லட்டும், கடல் என்றவர்கள் சொல்லட்டும், தலைக்கு மேல் ஓடினீர்கள் என்று சொல்லட்டும். நான் இறங்கி நின்று காலால் அளந்தவன். முழங்காலுக்கு நாலு விரல் மேலே, அண்ணே. ஒரு சிறுபோகம் எங்களுக்கு வரவில்லை. மிச்சமெல்லாம் கடைசி வயல்வரை பாய்ந்தது.

என் காலை நம்புங்கள்.

கடைசிக் கதவின் திறப்பை இன்னும் மடியில் வைத்திருக்கும்
உங்கள் தம்பி,
ராமையா
(சுகந்தியின் பேனை மையில் என் இடது பெருவிரல்)